பழைய காரில் ஆட்டம் எங்கே? ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் ஜாயிண்ட்டுகளைச் சோதிக்கும் முறை

"முன்னாடி லடக்கு லடக்குன்னு சத்தம் வருதுண்ணே." பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது இவ்வளவுதான். பதிலும் அநேகமாக ஒன்றேதான்: "லோயர் ஆர்ம் ரெண்டு பக்கமும் போயிருக்கும் சார், டை ராட் எண்ட், லிங்க், புஷ் எல்லாத்தையும் சேர்த்து மாத்திடலாம்." மாற்றுகிறார்கள், பில் வருகிறது. சில சமயம் சத்தம் போய்விடும். சில சமயம் அடியில் உள்ளதெல்லாம் புதிதாக இருக்கும், சத்தம் மட்டும் பழையபடி வரும்.

தேய்ந்ததை மாற்றத்தான் வேண்டும். எது தேய்ந்தது என்று பார்க்காமல் மாற்றுவதில்தான் காசு வீணாகிறது. பார்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்டாண்ட், முழ நீளத்துக்கு ஒரு லீவர் கம்பி, டார்ச், ஸ்டீயரிங்கை ஆட்டிக்கொடுக்க வீட்டில் ஒரு ஆள் போதும். அதோடு ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: இந்த ஆட்டம் எந்த இரண்டு பாகங்களுக்கு நடுவில் இருக்கிறது?

சக்கரம் ஆடுகிறது என்பது நோயின் பெயர் ஆகாது. சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே ஏழெட்டு இணைப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று தளர்ந்தாலும் சக்கரம் ஆடும். ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கத்தையும் பார்த்து, ஒரு பக்கம் அசைந்த பிறகு மறுபக்கம் தாமதமாக அசைகிறதா என்று கண்டுபிடிப்பதுதான் மொத்த வித்தையும்.

இந்த ஜாயிண்ட்டுகள் எதற்கு?

திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தேர்ச்சக்கரம் அச்சிலேயே நேராக மாட்டியிருக்கிறது. அது உருளும், அவ்வளவுதான். இடம் வலமாகத் திரும்பாது, பள்ளம் மேட்டுக்கு ஏறி இறங்காது. அதனால்தான் வீதி முனையில் முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்ப வேண்டியிருக்கிறது. காரின் முன்சக்கரம் ஓடும்போதே திரும்பவும் வேண்டும், திரும்பும்போதே மேலும் கீழும் போகவும் வேண்டும். அந்த மூன்றையும் ஒன்றாகச் செய்ய வைப்பவை இந்த ஜாயிண்ட்டுகள்.

இவற்றில் இரண்டு வகை. முதலாவது பால் ஜாயிண்ட். பளபளப்பான ஒரு எஃகு உருண்டை, அதைச் சுற்றி ஒரு கிண்ணம், நடுவில் பிளாஸ்டிக் உறை, கிரீஸ், இவற்றை மூடியபடி ஒரு ரப்பர் பூட். உருண்டை எந்தப் பக்கமும் சுழலலாம், சாயலாம். ஆனால் கிண்ணத்துக்குள் மேலும் கீழும் நகரவே கூடாது. நகர்ந்தால் அது தேய்ந்துவிட்டது என்று பொருள்.

இரண்டாவது வகை ரப்பர் புஷ். வெளியே ஓர் இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்னக் குழாய், இரண்டுக்கும் நடுவே ரப்பர். இது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், கொடுக்கத்தான் வேண்டும். ஆகவே பால் ஜாயிண்ட்டில் துளி ஆட்டமும் குற்றம், புஷ்ஷில் கொஞ்சம் அசைவு இயல்பு. புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான். நல்ல புஷ்ஷைக் கம்பியால் நெம்பிப் பார்த்து, "ஆடுது, மாத்துங்க" என்று சொல்லிவிடுவார்கள்.

மாருதி 800, ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ, இண்டிகா என்று நம் பக்கம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற பழைய சின்ன வண்டிகள் எல்லாவற்றிலும் முன்பக்க அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்று பெயர். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒரு தூண் பானெட்டுக்கு அடியில் பாடியோடு மேல்முனையில் முடிகிறது. அங்கே ஒரு ரப்பர் மவுண்டிங்கும் பேரிங்கும் உண்டு. கீழே சக்கரத்தைத் தாங்கும் நக்கிளை லோயர் ஆர்ம் ஒரு பால் ஜாயிண்ட்டால் பிடித்திருக்கிறது. ஆர்மின் மறுமுனை புஷ் வழியாக பாடியில் சேர்கிறது. ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு நகர்வாக மாற்றும் பல்சக்கர அமைப்புதான் ஸ்டீயரிங் ரேக். அதிலிருந்து வரும் கம்பி, நக்கிளில் டை ராட் எண்ட் என்ற இன்னொரு பால் ஜாயிண்ட்டில் முடிகிறது. அதே கம்பி ரேக்கோடு சேரும் இடத்தில், மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைக்குள், ரேக் எண்ட் என்று மற்றொன்று ஒளிந்திருக்கிறது. வண்டி சாயாமல் இரு பக்கத்தையும் இணைக்கும் வளைந்த கம்பி ஸ்டெபிலைசர் பார். சில கார்களில் அதைச் சஸ்பென்ஷனோடு சேர்க்கும் குட்டைக் கம்பிதான் லிங்க். இவ்வளவையும் மனதில் படமாக வைத்துக்கொண்டால் மீதி சுலபம்.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் கோபிக்கக் கூடாது. அது வேறு காலத்து அமைப்பு. முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் முறுக்கிக் கொடுக்கும் கம்பி. கிரீஸ் நிப்பிள்கள் உண்டு, தவறாமல் கிரீஸ் அடித்தால் நெடுநாள் உழைக்கும். சின்ன வண்டிகளின் பால் ஜாயிண்ட்டில் பெரும்பாலும் நிப்பிள் கிடையாது. பூட் கிழிந்த நாளிலிருந்து அதன் நாள்கள் எண்ணப்படுகின்றன.

காவிரி டெல்டாவில் ஏன் சீக்கிரம் போகிறது?

பால் ஜாயிண்ட்டைக் கொல்வது குழியைவிட நீரும் சேறும்தான். பூட்டில் நகக்கீறல் அளவு வெடிப்பு விட்டால் போதும், மழைநீர் உள்ளே போகும், கிரீஸ் வெளியே வரும், அந்த இடத்தில் மண் உட்காரும். நம் வண்டல் மண் நைசாக இருப்பதால் எந்த இடுக்கிலும் நுழையும். சம்பா அறுவடை நேரத்தில் வயலில் இருந்து ஏறுகிற டிராக்டரும் அறுவடை இயந்திரமும் சாலையில் சேற்றைக் கொட்டிக்கொண்டே போகின்றன. அது காய்ந்து தூசியாகி, அடுத்த மழையில் மறுபடி சேறாகி, வண்டியின் அடியில் ஒட்டுகிறது. சாலையில் காயப்போட்ட வைக்கோல்மீது ஏறிப் போனால் அதுவும் சக்கரத்தண்டில் சுற்றிக்கொண்டு ரப்பர் உறைகளை உரசும்.

நம் சாலைகளுக்கு இன்னொரு குணம் உண்டு. ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் ஒட்டிப் போகும் சாலைகளில் எத்தனை மதகு, எத்தனை சின்னப் பாலம் என்று எண்ணி மாளாது. பாலம் உறுதியான அடித்தளத்தில் நிற்கிறது. அதன் இருபுறமும் கொட்டிய மண் ஆண்டுக்கு ஆண்டு அமுங்குகிறது. களிமண் வேறு, நனைந்தால் உப்பும், கோடையில் வெடிக்கும். அதனால் ஒவ்வொரு பாலத்தின் தலைப்பிலும் ஒரு படி உருவாகிவிடுகிறது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போனாலும் சரி, கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போனாலும் சரி, இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் அந்தப் படியில் மோதும். புஷ்ஷுக்கும் ஸ்ட்ரட் மவுண்டிங்குக்கும் அதைவிடக் கடினமான வேலை கிடையாது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு இதோடு உப்புக்காற்றும் சேரும். அங்கே நட்டும் மரையும் துருவேறி, கழற்றுவதே தனி வேலையாகிவிடும்.

ஓட்டும்போது தெரிவது

சத்தத்தை வைத்து நோயைச் சொல்லும் ஆற்றல் சிலருக்கு உண்டு. நான் அதை அவ்வளவாக நம்புவதில்லை. சத்தம் பாடித் தகடு வழியே பயணம் செய்யும். இடது பக்கத்து லிங்க் ஆடினால் வலது காலடியில் கேட்கும். இருந்தாலும் எங்கிருந்து தேட ஆரம்பிப்பது என்று அது ஒரு குறிப்புத் தரும்.

மெதுவாகப் போகையில் சின்னச் சின்னக் கற்களில் லொடலொட என்று விடாமல் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க், அதன் புஷ், டை ராட் எண்ட் இவற்றைப் பாருங்கள். ஆள் இல்லாத தெருவில் நடை வேகத்தில் போய் பிரேக்கைச் சட்டென்று மிதியுங்கள். 'டக்' என்று ஒரே ஒரு அடி கேட்கிறது. பின்னால் எடுத்து மிதித்தால் மறுபடியும் ஒரே அடி. இது லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகர்கிறது என்பதற்கான அடையாளம். புஷ்ஷிலோ பால் ஜாயிண்ட்டிலோ இடம் விட்டிருக்கிறது. நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு 'டொய்ங்' என்று விடுபட்டால் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். நேர்ச் சாலையில் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டியிருந்தால் ஸ்டீயரிங் வரிசையில் எங்கோ தளர்வு. இதில் மோசமானது, ஓட்டுகிறவருக்கு அது மெல்ல மெல்லப் பழகிவிடும். வேறொருவரிடம் வண்டியைக் கொடுத்துப் பாருங்கள், நூறு அடி ஓட்டியதும் சொல்லிவிடுவார்.

தூக்குவதற்கு முன்

முதலில் வீல் நட்டு இறுக்கமாக இருக்கிறதா, டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம். தளர்ந்த நட்டும் லடக் லடக் என்றுதான் சொல்லும். ஒரு பக்கம் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். டிக்கியில் கழன்று கிடக்கும் ஜாக்கியையும் ஸ்டெப்னியையும் இறுக்கிவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து, உள் ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கும், திரும்ப வெளியிலிருந்து உள்ளுக்கும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறுதிசையில் ரம்பப் பல்லும் தெரிந்தால் டோ, அதாவது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிற்கும் கோணம், மாறியிருக்கிறது. அலைன்மென்ட் சமீபத்தில்தான் செய்தீர்கள் என்றால், செய்த பிறகும் அது ஒரு நிலையில் நிற்கவில்லை, ஏதோ ஒரு ஜாயிண்ட் அதை நகர விடுகிறது என்று பொருள். உள் ஓரம் மட்டும் வழித்தெடுத்ததுபோல் தேய்ந்திருந்தாலும் சந்தேகம் இதே பக்கம்தான். டயரின் சுற்றளவில் இடைவெளி விட்டுக் குழி குழியாக இருந்தால் முதலில் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

இப்போது ஸ்டீயரிங்கின் பிளே, அதாவது டயர் அசையாமல் ஸ்டீயரிங் மட்டும் சுழலும் அளவு. வண்டியைச் சமதளத்தில், சக்கரம் நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவியுங்கள். பவர் ஸ்டீயரிங் என்றால் எஞ்சினையும் ஓட விடுங்கள். வளையத்தை ஒரு விரலால் மெதுவாக இடப்பக்கம் தள்ளி, டயர் அசையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, சாக்பீஸால் அடையாளம் போடுங்கள். வலப்பக்கமும் அதேபோல். இரண்டு அடையாளத்துக்கும் நடுவே எவ்வளவு என்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். மாருதியின் சின்ன வண்டிகளுக்கு 30 மில்லிமீட்டர் வரை ஏற்கலாம். ரேக் நல்ல நிலையில் இருந்தால் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆவது விதி ஸ்டீயரிங்கைப் பற்றியது. வளையத்தில் ஆட்டம் 30 டிகிரியைத் தாண்டக்கூடாது, ஸ்டீயரிங் இணைப்புகளின் பால் ஜாயிண்ட்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சொந்தக் கார்களின் பதிவு 15 ஆண்டில் முடிந்து, பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது வண்டியைக் காட்ட வேண்டும்; கிழிந்த பூட்டும், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிலிட் பின் காணாமல்போனதும் கேள்விக்கு உள்ளாகக்கூடியவை. ஆனால் அந்த 30 டிகிரியை நம் அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்றால் விளிம்பில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர். பெரிய லாரிக்கும் சேர்த்துப் போட்ட எல்லை அது. ரேக் வைத்த சின்னக் காரில் அவ்வளவு ஆட்டம் இருந்தால், சட்டப்படி தப்பினாலும் எதிரே வரும் பேருந்துக்கு ஒதுங்கும்போது வாய்க்காலுக்குள் இருப்போம்.

தரையில் நிற்க வைத்தே செய்யும் சோதனை

ஒரே ஒரு சோதனைதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கையால் ஆட்டும்போது ஜாயிண்ட்டில் பாரம் இல்லை. தரையில் நிற்கும்போது டயர் ரோட்டைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கும், எனவே ஓட்டத்தில் வருவதுபோன்ற விசை ஜாயிண்ட்டில் விழும். ஒளிந்திருக்கும் ஆட்டமும் வெளியே வரும்.

துணைக்கு இருப்பவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் நான்கு விரல் அகலம், சற்று வேகமாக, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முழுக்கத் திருப்பக் கூடாது. நீங்கள் முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் படுத்து, டார்ச் அடித்து டை ராட் எண்ட்டைக் கண்டுபிடியுங்கள். அதன் கிண்ணத்தின் மேல் பாதி விரல், நக்கிளின் கை மேல் மீதி விரல் இருக்கும்படி பிடியுங்கள். நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டும் ஒரே உடம்பாக அசையும். தேய்ந்திருந்தால் கிண்ணம் முதலில் நகரும், ஒரு கணம் கழித்து நக்கிள் நகரும், நடுவில் 'டிக்' என்று விரலில் தெறிக்கும். அந்தத் தெறிப்பை ஒருமுறை உணர்ந்துவிட்டால் அப்புறம் மறக்காது. கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும்.

அங்கிருந்து ஸ்டீயரிங் பக்கமாகப் படிப்படியாக நகருங்கள். அடுத்து ரேக்கின் மடிப்பு உறை. அதை விரல்களால் அமுக்கினால் உள்ளே ரேக் எண்ட்டின் உருண்டை தட்டுப்படும். ரேக்கின் தண்டு நகர்ந்த பிறகு கம்பி நகர்கிறதா, இரண்டும் ஒன்றாகவா? அடுத்து ரேக்கின் கூட்டையே பாருங்கள். அதைப் பாடியோடு பிடித்திருக்கும் கிளாம்ப்பின் ரப்பர் நசுங்கிப்போயிருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக் மொத்தமும் பக்கவாட்டில் நகரும். டை ராட் எண்ட், ரேக் எண்ட் எல்லாம் மாற்றியும் தீராத தளர்வு பல நேரம் இங்கேதான் இருக்கும். ரப்பரின் விலை சொற்பம். கடைசியாக, ஸ்டீயரிங் தண்டு ரேக்குக்குள் நுழையும் இடத்தில் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட். தண்டு சுழன்ற பிறகுதான் ரேக்கின் பல்தண்டு சுழல்கிறது என்றால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது, அல்லது அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி உண்டு. ரேக்கின் பின்னால் உள்ள திருகை இறுக்கினால் ஸ்டீயரிங் கைக்குக் கெட்டியாகிவிடும், பிளே போனதுபோல் தோன்றும். டை ராட் எண்ட்டில் உள்ள தேய்மானம் அப்படியே இருக்கும். ரேக் மட்டும் இறுகிப்போய், வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. "ரேக்கை டைட் பண்ணிட்டேன் சார்" என்றால், எந்த ஜாயிண்ட்டைப் பார்த்த பிறகு டைட் பண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

தூக்கிப் பார்ப்பது

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். தூக்கியதும் பாடியின் கெட்டியான இடத்தில் ஸ்டாண்ட் வைக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் ஸ்டாண்ட் ஆகாது. அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். நம் ஊர் வாசல் மண் மழைக்காலத்தில் ஜாக்கியை விழுங்கும், ஆகவே சிமெண்ட் களத்தில் செய்யுங்கள், இல்லையென்றால் ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை போடுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

சக்கரத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலும் 6 மணியிலும் பிடித்து, மேலே தள்ளும்போது கீழே இழுத்து, மாற்றி மாற்றி ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் துணையாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டதா? வீல் பேரிங். பிரேக் போடும்போது டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாகிவிடுவதால் பேரிங் ஆட்டம் மறைகிறது. பிரேக் மிதித்தும் ஆடுகிறதா? அப்படியானால் தளர்வு நக்கிளுக்கு அப்பால்: கீழே பால் ஜாயிண்ட், அல்லது மேலே ஸ்ட்ரட். டார்ச் அடித்து எந்த இடைவெளி திறந்து மூடுகிறது என்று பாருங்கள்.

இனி 9 மணியிலும் 3 மணியிலும் பிடித்து ஆட்டுங்கள். இப்படி மட்டும் ஆடி, 12-6இல் ஆடவில்லை என்றால் டை ராட் எண்ட்டோ ரேக் எண்ட்டோதான். இதில் ஒரு ஏமாற்று உண்டு: பலமாகத் தள்ளினால் ஸ்டீயரிங்கே திரும்பிக் கொடுக்கும், அது ஆட்டம் இல்லை. உள்ளே இருப்பவர் ஸ்டீயரிங்கை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.

லோயர் பால் ஜாயிண்ட்டை உறுதியாகத் தெரிந்துகொள்ள லீவர் கம்பியை எடுங்கள். லோயர் ஆர்முக்கும் நக்கிளின் அடிக்கும் நடுவே, பூட்டைக் குத்திவிடாமல் நுழைத்து, மேலும் கீழும் நெம்புங்கள். மெக்ஃபர்சன் அமைப்பில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங்கின் பாரம் ஸ்ட்ரட்டுக்குள்ளேயே அடங்கிவிடும், பால் ஜாயிண்ட் சும்மா இருக்கும். அதனால் இருக்கிற ஆட்டம் தெரியும். சில பெரிய வண்டிகளில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மேலேயே உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பாடியில் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஜாயிண்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் கெட்டியாகத் தோன்றும். அந்த வண்டிகளில் ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்துத் தூக்கித்தான் சோதிக்க வேண்டும். 'பால் ஜாயிண்ட் நல்லாருக்கு' என்று தவறாகத் தீர்ப்புச் சொல்வது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால்தான்.

புஷ்ஷும் மற்றவையும்

புஷ்ஷின் மேல்பரப்பில் நூல்போல் வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம், பயப்பட வேண்டாம். ரப்பர் ஆழமாகக் கிழிந்திருந்தாலோ, உள் குழாய் நடுவை விட்டு ஓரத்தில் ஒதுங்கியிருந்தாலோ, எண்ணெய் ஊறி ஊதியிருந்தாலோ மாற்ற வேண்டும். கம்பியால் நெம்பும்போது ரப்பர் வளைந்து, விட்டதும் சத்தமில்லாமல் திரும்பினால் சரி. இரும்பும் இரும்பும் மோதினால் போய்விட்டது.

மாருதி 800 வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஸ்டெபிலைசர் பார் வெறுமனே சாய்வைத் தடுக்கும் கம்பி அல்ல; அதன் முனைகள் லோயர் ஆர்முக்குள் நுழைந்து, சக்கரம் முன்னும் பின்னும் போகாமல் பிடித்திருப்பதும் அதுதான். அதன் புஷ் தேய்ந்தால் பிரேக் போடும்போது 'டக்' என்று அடிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். தனி லிங்க் உள்ள வேறு கார்களில், சத்தம் லிங்க்கில்தானா என்று தெரிய அதைக் கழற்றிவிட்டு மெதுவாக ஒரு தெரு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. 800இல் அந்த யோசனையே கூடாது.

ஸ்ட்ரட் மவுண்டிங்குக்குப் பானெட்டைத் திறந்து, ஸ்ட்ரட்டின் மேல்முனையில் கையை வைத்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். தயங்கித் தயங்கித் துள்ளினால் பேரிங் பிடித்திருக்கிறது. ஷாக் அப்சார்பரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரக்கசிவு லேசாக இருந்தால் விடலாம், எண்ணெய் வழிந்தால் மாற்றலாம். காரின் மூலையை அமுக்கிவிட்டுத் துள்ளுகிறதா என்று பார்க்கும் சோதனை முழுக்கச் செத்துப்போனதைத்தான் காட்டும்.

ஜாயிண்ட் என்று தவறாக நினைக்கப்படுகிறவையும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் கடகடவென வந்தால் அது டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட், சஸ்பென்ஷன் அல்ல. வேகத்தோடு ஏறும் ரீங்காரம் வீல் பேரிங். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்கினால் முதலில் வீல் பேலன்சிங் செய்யுங்கள். பேலன்ஸ் செய்தும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், தேய்ந்த ஜாயிண்ட் அதைப் பெரிதாக்குகிறது என்று சந்தேகப்படலாம்.

எது அவசரம், எப்படி மாற்றச் சொல்வது?

பால் ஜாயிண்ட்டிலோ டை ராட் எண்ட்டிலோ கையில் தெரிகிற ஆட்டம் இருந்தால் வண்டியை அன்றே பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும், மெதுவாக. லோயர் பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரத்துக்கும் உங்கள் கைக்கும் தொடர்பு அற்றுவிடும். பூட் மட்டும் கிழிந்து ஆட்டம் இன்னும் வரவில்லை என்றால் சில வாரம் அவகாசம் உண்டு, மழைக்கு முன் என்றால் நல்லது. ஸ்டெபிலைசர் லிங்க் சத்தம் எரிச்சல்தான், ஆபத்து குறைவு. 800போல் பார் லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும் வண்டிகள் இதற்கு விலக்கு, காரணம் மேலே சொன்னதுதான். "தட்டி இறுக்கித் தரேன், கிரீஸ் போட்டா போதும்" என்று பழைய பால் ஜாயிண்ட்டைப் பழுது பார்த்துத் தருபவர்களிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இந்த ஒரு பாகத்தில் சிக்கனம் வேண்டாம்.

பட்டறையில் "சத்தம் வருது" என்று சொல்வதற்குப் பதில், "இடது பக்கம் டை ராட் எண்ட்டில் ஆட்டம் இருக்கு, 12-6இல் பிரேக் மிதிச்சாலும் வலது சக்கரம் ஆடுது" என்று சொல்லுங்கள். தூக்கிக் காட்டச் சொல்லி நீங்களும் பாருங்கள். நல்ல மெக்கானிக் சந்தோஷமாகக் காட்டுவார்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. டை ராட் எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வருகிறது என்று எண்ணிக்கொண்டால், புதியதையும் அதே சுற்றில் ஏற்றி அலைன்மென்ட் கடை வரை நிம்மதியாகப் போகலாம். ஸ்பிலிட் பின் புதிதாகத்தான் போட வேண்டும். நட்டின் வெட்டும் துளையும் நேராகவில்லை என்றால் இன்னும் சற்று இறுக்கி நேராக்க வேண்டுமே தவிர, தளர்த்தி நேராக்கக் கூடாது.

பட்டறைகளில் அதிகம் தவறவிடுவது இது: லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது கடைசி இறுக்கம் கொடுக்கக் கூடாது. ரப்பர் உள் குழாயோடு ஒட்டியிருக்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கியபடியே இருக்கும், சில மாதத்தில் கிழியும். வண்டியை இறக்கி, சக்கரத்தில் பாரம் விழுந்த பிறகு இறுக்க வேண்டும். "புது புஷ் ஏன் சீக்கிரம் போச்சு?" என்ற கேள்விக்குப் பாதி நேரம் பதில் இதுதான், மீதி நேரம் மட்டமான ரப்பர்.

அலைன்மென்ட் எப்போதும் கடைசி. ஆடுகிற ஜாயிண்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், மெஷினில் பச்சை காட்டும், கடையை விட்டு வெளியே முதல் பாலத்தில் ஏறி இறங்கியதும் மாறிவிடும். செய்த பிறகு முன், பின் அளவு அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி டாஷ்போர்டில் வையுங்கள். அடுத்த ஆண்டு எடுக்கும் தாளை அதன் பக்கத்தில் வைத்தால், எந்தப் பக்கத்து அளவு மட்டும் நகர்ந்திருக்கிறது, எந்தப் பக்கத்து ஜாயிண்ட்டை முதலில் கைவைத்துப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.